சேற்றுநில ஜீப்பு ஓட்டம்

சேற்றுநில ஜீப்பு ஓட்டம் என்பது, நான்கு சக்கரங்களுக்கும் இயந்திரத்தின் விசை செல்லும் வகையில் அமைந்த பழைய ஜீப்பு வண்டிகளைச் சேறும் சகதியுமான நிலத்தில் ஓட்டுவதையும், அதன்பின் அவற்றைப் பழுதுபார்த்துப் பேணுவதையும் குறிக்கும். தமிழ்நாட்டில் இது பெரும்பாலும் பொழுதுபோக்காக அன்றித் தொழில் தேவையாகவே வளர்ந்தது. மழைக்காலத்தில் தார்ச்சாலை இல்லாத சிற்றூர்கள், கண்மாய்க்கரைகள், மலைத்தோட்டங்கள் ஆகியவற்றுக்குச் செல்ல ஜீப்பே நெடுங்காலம் பயன்பட்டது. பழைய ஜீப்பு சேற்றில் சிக்குவதால் அழிவது அரிது. சேற்றிலிருந்து வெளிவந்தபின் அச்சுக்கூட்டிலும் பிரேக்கிலும் தங்கிவிடும் நீரும் மண்ணுமே அதன் ஆயுளைக் குறைக்கின்றன. எனவே ஓட்டும் முறையையும் பழுதுபார்க்கும் முறையையும் சேர்த்தே அறிந்துகொள்ள வேண்டும்.

வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படைத்துறையின் தேவைக்காக உருவாக்கப்பட்ட சிறிய வண்டியே ஜீப்பு ஆகும். 1940ல் அமெரிக்கன் பாண்டம் நிறுவனம் முதல் மாதிரியை அளித்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ்-ஓவர்லாண்டு, ஃபோர்டு ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,40,000 வண்டிகளைத் தயாரித்தன. ஜீப்பு என்னும் பெயர் எவ்வாறு வந்தது என்பது குறித்து ஒருமித்த கருத்து இல்லை. 1936ல் ஒரு படக்கதையில் அறிமுகமான விந்தை விலங்கின் பெயரிலிருந்து வந்தது என்பாரும், படைத்துறைக் குறியீட்டெழுத்துகளின் திரிபு என்பாரும் உளர். போர் முடிந்தபின் 1945ல் குடிமக்கள் பயன்பாட்டுக்கான சி.ஜே. வரிசை வண்டிகள் வெளிவந்தன.

இந்தியாவில் 1945 அக்டோபர் 2 அன்று ஜே. சி. மகிந்திரா, கே. சி. மகிந்திரா உடன்பிறந்தோரும் மாலிக் குலாம் முகமதும் இணைந்து மகிந்திரா அண்டு முகமது என்னும் எஃகு வணிக நிறுவனத்தைத் தொடங்கினர். நாட்டுப் பிரிவினைக்குப்பின் குலாம் முகமது பாக்கித்தானின் முதல் நிதியமைச்சரானார். 1948ல் நிறுவனத்தின் பெயர் மகிந்திரா அண்டு மகிந்திரா என மாறியது. 1940களின் இறுதியில் இந்நிறுவனம் வில்லிஸ் ஜீப்புகளை உதிரிகளாக இறக்குமதி செய்து பம்பாயில் பொருத்தத் தொடங்கியது. பின்னர் உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. அமெரிக்காவில் 1953ல் அறிமுகமாகி 1968ல் நிறுத்தப்பட்ட சி.ஜே.-3பி வகையின் வடிவத்தை மகிந்திரா நிறுவனம் அதன்பின்னும் பல ஆண்டுகள் தொடர்ந்து தயாரித்தது. 1979ல் பிரான்சு நாட்டின் பெசோ நிறுவனத்துடன் டீசல் இயந்திரத்துக்கான தொழில்நுட்ப உடன்பாடு ஏற்பட்டது. அதன்வழி வந்த 2112 கன செ.மீ. கொள்ளளவுள்ள டீசல் இயந்திரம் எம்.எம். 540 வகை ஜீப்பில் பொருத்தப்பட்டது.

படைத்துறைக்காக சபல்பூர் வண்டித் தொழிற்சாலையில் 1999 வரை தயாரிக்கப்பட்ட சோங்கா, 1985ல் அறிமுகமான மாருதி ஜிப்சி ஆகியவையும் இவ்வகையில் அடங்கும். ஆயினும் தமிழகச் சிற்றூர்களில் ஜீப்பு என்றாலே மகிந்திரா வண்டியைக் குறிக்கும் அளவுக்கு அது பரவியது. ஊராட்சி ஒன்றிய அலுவலகங்கள், காவல்துறை, வனத்துறை, ஆரம்ப சுகாதார நிலையங்கள் ஆகியவற்றில் இவ்வண்டிகள் பணியாற்றின. அலுவலகங்கள் கழித்துவிட்டு ஏலத்தில் விற்ற ஜீப்புகள் உழவர்களிடமும் தோட்ட உரிமையாளர்களிடமும் சேர்ந்து மறுவாழ்வு பெற்றன.

முன்பு மதுரை மாவட்டத்தின் பகுதியாக இருந்த தேனி மாவட்டத்தில் ஜீப்புக்குத் தனி இடம் உண்டு. கம்பம், போடிநாயக்கனூர், உத்தமபாளையம் வட்டாரங்களிலிருந்து கேரளத்தின் இடுக்கி மாவட்ட ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் சென்று திரும்பும் தொழிலாளர்கள் கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழிகளில் ஜீப்புகளிலேயே பயணிக்கின்றனர். தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ 8,000 அடி உயரத்தில் அமைந்த கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து கரடுமுரடான பாதையில் செல்லும் வண்டியும் ஜீப்புதான்.

மதுரை வட்டாரச் சேற்றின் வகைகள்

சேறு என்பது ஒரே பொருள் அன்று. மண்ணின் வகையைப் பொறுத்து அதன் இயல்பும், வண்டிக்கு அது தரும் தொல்லையும் வேறுபடும். மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பின்வரும் வகைகளைக் காணலாம்.

வண்டல் மண்: கண்மாய்களின் உட்புறத்தில் ஆண்டுதோறும் நீருடன் வந்து படியும் நுண்மண் இது. மதுரையின் கிழக்கே வண்டியூர் வட்டாரத்தில் உள்ளது போன்ற பெரிய கண்மாய்களில் நீர் வற்றத் தொடங்கும்போது மேற்பரப்பு காய்ந்து வெடித்திருக்கும். அடியில் ஈரம் நீங்காத குழைசேறு இருக்கும். மனிதர் நடந்தால் தாங்கும் அந்த மேலோடு வண்டியின் எடையைத் தாங்காது உடையும். இவ்வட்டாரச் சேறுகளுள் வண்டியை முழுமையாக இறக்கிவிடக்கூடியது இதுவே.

களிமண்: வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் 1645ல் திருமலை நாயக்கர் காலத்தில் அமைக்கப்பட்டது. நாயக்கர் மகால் கட்டச் செங்கல் அறுப்பதற்காக மண் எடுத்த பள்ளமே இக்குளமாயிற்று என்பது மரபுவழிச் செய்தி. செங்கல்லுக்கு ஏற்ற மண் என்பது நீர் பட்டால் பிசுபிசுத்து ஒட்டும் மண் ஆகும். செங்கல்லை இறுக்கிப் பிடிக்கும் அதே ஒட்டுந்தன்மைதான் டயரின் வரிப்பள்ளங்களை நிரப்பி அதனை வழவழப்பான உருளையாக்கிவிடுகிறது.

கரிசல் மண்: திருமங்கலம், தே. கல்லுப்பட்டி பகுதிகளிலும் அதற்குத் தெற்கேயும் காணப்படுவது. இதிலுள்ள மாண்ட்மோரில்லோனைட்டு என்னும் களிமக் கனிமம் நீரை ஈர்த்துப் பருக்கும். உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஈரக் கரிசல் டயரில் அடுக்கடுக்காக ஒட்டி, மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே நிறைந்து சக்கரத்தையே சுழலவிடாமல் செய்யும். காய்ந்தால் கல்லைப் போல் இறுகும்.

செம்மண்: மேலூர், அழகர்மலை அடிவாரப் பகுதிகளில் காணப்படுவது. மேற்பரப்பு வழுக்கினும் சில அங்குல ஆழத்தில் உறுதியான தளம் இருக்கும். இவ்வகைகளுள் ஓட்டுவதற்கு எளியது.

நன்செய் வயல்: 1895ல் முல்லைப்பெரியாறு அணை கட்டப்பட்டபின் பாசனம் பெற்ற வயல்களில் தொழியடித்த சேற்றுக்கடியில், பல ஆண்டு உழவால் இறுகிய அடித்தளம் ஒன்று இருக்கும். டிராக்டர்கள் இரும்புக் கூண்டுச் சக்கரம் பொருத்தி அத்தளத்தைப் பற்றிச் செல்கின்றன. அச்சின் நடுப்பகுதி தாழ்வாக அமைந்த ஜீப்புக்கு இவ்வயல் ஏற்றதன்று.

தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் இந்நிலங்கள் பெரிதும் சேறாகின்றன. வைகை ஆற்றுப் படுகையில் உள்ளது மணலாகும். மணலில் ஓட்டும் முறை வேறு என்பதால் அது இங்கு விளக்கப்படவில்லை.

இயங்கும் முறை

பகிர்வுப் பெட்டி

சாதாரண வண்டியில் இயந்திரத்தின் விசை கியர் பெட்டி வழியாக ஓர் அச்சுக்கு மட்டும் செல்லும். ஜீப்பில் கியர் பெட்டிக்குப் பின்னே பகிர்வுப் பெட்டி ஒன்று உண்டு. பட்டறைகளில் இது டிரான்ஸ்ஃபர் கேஸ் எனப்படும். ஓட்டுநர் அருகிலுள்ள சிறிய நெம்புகோலை இயக்கினால் விசை முன் அச்சுக்கும் செல்லும். மற்றொரு நிலையில் தாழ்விகிதப் பற்சக்கரங்கள் இணைந்து வேகத்தைக் குறைத்து முறுக்குவிசையைப் பெருக்கும்.

எடுத்துக்காட்டாக, அமெரிக்க சி.ஜே.-3பி வண்டியில் முதல் கியரின் விகிதம் ஏறத்தாழ 2.80, தாழ்விகிதம் 2.46, அச்சின் விகிதம் 5.38. இம்மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 37 வரும். அதாவது இயந்திரம் 37 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும். 2.2 லிட்டர் கொள்ளளவுள்ள சிறிய பெட்ரோல் இயந்திரம் ஒரு டன் எடையுள்ள வண்டியைச் சேற்றில் நடைவேகத்தில் இழுத்துச் செல்வது இதனாலேயே இயலுகிறது. தாழ்விகிதத்தின் முழு முறுக்குவிசையும் பின் அச்சின்மேல் மட்டும் விழுந்தால் அச்சு முறியக்கூடும். எனவே முன் அச்சு இணைந்தபின்னரே தாழ்விகிதம் விழும்படி இப்பெட்டி அமைக்கப்பட்டுள்ளது.

பழைய ஜீப்புகளில் முன், பின் அச்சுகளுக்கு இடையே வேறுபாட்டுப் பல்லிணை கிடையாது. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட மிகுந்த தொலைவு செல்லும். சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி இந்த வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும். தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் அச்சுகள் முறுக்கேறி, பற்சக்கரங்களும் கிராஸ் மூட்டுகளும் சேதமடையும். உறுதியான சாலையை அடைந்தவுடன் முன் அச்சை விடுவிக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

வேறுபாட்டுப் பல்லிணையின் வரம்பு

ஒவ்வோர் அச்சின் நடுவிலும் வேறுபாட்டுப் பல்லிணை உண்டு. வளைவில் இடச்சக்கரமும் வலச்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல இது உதவுகிறது. ஆனால் இது இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையையே தரும். ஒரு சக்கரம் பிடிமானமின்றிச் சேற்றில் சுழன்றால் அதற்கு மிகக் குறைந்த விசையே போதும். உறுதியான நிலத்தில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் அதே குறைந்த அளவு விசைதான் கிடைக்கும். எனவே முன்னே ஒரு சக்கரமும் பின்னே ஒரு சக்கரமும் வழுக்கினால், நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியும் நின்றுவிடும்.

இந்நிலையில் விசைமிதியை அழுத்தியவாறே பிரேக்கை மெல்ல அழுத்துவது ஒரு பழைய உத்தி. சுழலும் சக்கரத்துக்குத் தடை ஏற்படுவதால் அதற்குத் தேவைப்படும் விசை உயரும். எனவே மற்றச் சக்கரத்துக்கும் கூடுதல் விசை கிடைக்கும். பிரேக்குகள் நான்கும் சீராக வேலை செய்யும் வண்டியில் மட்டுமே இது பயனளிக்கும்.

டயரும் காற்றழுத்தமும்

வில்லிஸ் வழிவந்த ஜீப்புகளில் 6.00-16 அளவுள்ள குறுகிய டயர்கள் பொருத்தப்பட்டன. அடியில் உறுதியான தளம் உள்ள சேற்றில் குறுகிய டயர் சேற்றைக் கிழித்துத் தளத்தைத் தொடும்; செம்மண் பாதையில் இது நன்மை. தளமே இல்லாத வண்டலில் அது மேலும் மேலும் இறங்கும். அகன்ற டயர் மிதக்க முயலும் எனினும், பழைய ஸ்டியரிங் பகுதிகளுக்கும் சக்கர பேரிங்குகளுக்கும் கூடுதல் சுமை தரும்.

காற்றழுத்தத்தைக் குறைத்தால் டயர் தட்டையாகி நிலத்தைத் தொடும் பரப்பு கூடும். சாலையில் 28 பவுண்டு அழுத்தம் வைக்கும் வண்டியில், சேற்றில் 18 முதல் 20 பவுண்டு வரை குறைக்கலாம். பழைய ஜீப்பு டயர்கள் உள்ளே டியூப் உடையவை. அழுத்தம் மிகவும் குறைந்தால் டயர் விளிம்பின்மேல் நகர்ந்து டியூபை இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிடும். வெளியே வந்தபின் மீண்டும் காற்றடைக்கும் வரை மெதுவாகவே செல்ல வேண்டும். ஆகவே கையால் இயக்கும் காற்றுப் பம்பு ஒன்று வண்டியில் இருத்தல் தேவை.

ஓட்டும் முறை

சேற்றில் இறங்குமுன் ஓட்டுநர் கீழிறங்கி, கம்பு ஒன்றால் ஆழம் பார்த்து நடந்து செல்வது முதல் விதி. கம்பு ஒரு சாணுக்குள் உறுதியான தளத்தைத் தொட்டால் பெரும்பாலும் கடக்கலாம். அச்சுக்கூட்டின் உயரத்துக்கு மேலும் தளம் தட்டுப்படாவிடில் வேறு வழி தேட வேண்டும்.

* நான்கு சக்கர இயக்கத்தைச் சேற்றில் இறங்குமுன்னரே இணைக்க வேண்டும். சக்கரம் சுழன்று குழி பறித்தபின் இணைப்பதால் பயன் குறைவு.
* முன்சக்கர மையத்தில் கையால் பூட்டும் அமைப்பு உள்ள வண்டிகளில் இருபுறமும் பூட்டியிருக்க வேண்டும்.
* பொதுவாகத் தாழ்விகிதத்தில் இரண்டாம் கியர் ஏற்றது. முதல் கியரில் முறுக்குவிசை மிகுந்து சக்கரம் எளிதில் வழுக்கும்.
* நடுவில் கியர் மாற்றவோ கிளட்ச்சை மிதிக்கவோ கூடாது. சீரான வேகமே வண்டியைக் கடத்தும்.
* பிடிமானம் குறையும்போது ஸ்டியரிங்கைச் சிறிதளவு இடமும் வலமும் மாற்றி மாற்றித் திருப்பினால் டயரின் ஓரங்கள் புதிய மண்ணைப் பற்றும்.
* கட்டைவிரல்களை ஸ்டியரிங் வளையத்துக்குள் நுழைக்கக் கூடாது. சக்கரம் கல்லில் மோதினால் வளையம் சட்டெனச் சுழன்று விரலை முறித்துவிடும்.
* முன்னேற்றம் நின்றவுடன் விசையைக் குறைத்து, வந்த தடத்திலேயே பின்னோக்கி வர வேண்டும். மேலும் முடுக்கினால் வண்டி அச்சுவரை இறங்கும்.

டிராக்டர் தடத்தில் ஓட்டும்போது தனிக் கவனம் தேவை. டிராக்டரின் பெரிய சக்கரம் பறித்த ஆழத்தடத்தில் ஜீப்பின் சக்கரம் இறங்கினால், நடுமேட்டில் அச்சுக்கூடு அமர்ந்துவிடும். நான்கு சக்கரங்களும் எடையிழந்து வெறுமனே சுழலும். தடத்தில் இறங்காது, ஒரு சக்கரத்தை நடுமேட்டிலும் மற்றொன்றைத் தடத்தின் வெளியோரத்திலும் வைத்து ஓட்டுவது வழக்கம்.

மலைப்பாதையில் இறங்கும்போது பிரேக்கைவிடத் தாழ்கியரின் தடையையே நம்ப வேண்டும். ஈரச் சேறு படிந்த பழைய டிரம் பிரேக்கு வலுவிழந்திருக்கும். அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டியைத் திருப்பிவிடும். ஆள்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளில் அளவுக்கு மீறிய சுமையும் இத்தகைய பிரேக்கும் சேர்வது உயிருக்கு இடராகும்.

சிக்கிய வண்டியை மீட்டல்

முதலில் மண்வெட்டியால் சக்கரங்களின் முன்னும் பின்னும் உள்ள சேற்றை அகற்றிச் சரிவான பாதை அமைக்க வேண்டும். அச்சுக்கூட்டின் கீழ் அடைந்த மண்ணையும் எடுக்க வேண்டும். பின்னர் சக்கரத்தின் அடியில் கல், சாக்கு, தென்னை மட்டை, பனையோலை, வைக்கோற்பிரி ஆகியவற்றுள் கிடைப்பதை இட்டுப் பிடிமானம் உண்டாக்கலாம். சேற்றில் ஜாக்கி வைக்கும்போது அதன் அடியில் அகலமான பலகை இருத்தல் வேண்டும்.

ஜாக்கி வைப்போர் அறியவேண்டிய இடர் ஒன்று உண்டு. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கு பின்சக்கரங்களில் இல்லை. பகிர்வுப் பெட்டியின் பின்புறம் புரொப்பல்லர் தண்டைப் பிடிக்கும் டிரம்மாக அது அமைந்துள்ளது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், தண்டு அசையாது நிற்பினும் வேறுபாட்டுப் பல்லிணையின் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையிலுள்ள சக்கரம் எதிர்த்திசையிலும் சுழல இயலும். கைப்பிரேக்கு போட்டிருந்தும் வண்டி உருண்டு ஜாக்கியிலிருந்து விழுந்துவிடும். எனவே தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கல் அல்லது கட்டை வைக்காது எவரும் வண்டியின் கீழ் செல்லலாகாது.

டிராக்டரால் இழுக்கும்போது கயிற்றை வண்டியின் அடிச்சட்டத்தில் உள்ள கொக்கியில் மட்டுமே மாட்ட வேண்டும். துருப்பிடித்த பம்பரிலோ ஸ்டியரிங் கம்பியிலோ மாட்டக் கூடாது. இழுவையின்போது இரும்புக் கயிறோ கொக்கியோ அறுந்தால் அது எதிரே நிற்பவரைக் கொல்லும் விசையுடன் பாயும். கயிற்றின் நீளத்துக்கு அப்பால் பக்கவாட்டில் விலகி நிற்பதும், கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போடுவதும் பாதுகாப்பாகும்.

ஓட்டத்துக்குப் பிந்தைய பழுதுபார்ப்பு

கழுவுதல்

சேறு காயுமுன் கழுவுவதே பாதி பழுதுபார்ப்பு ஆகும். கரிசல் காய்ந்தபின் அதனைக் கொத்தித்தான் எடுக்க வேண்டும். ரேடியேட்டரின் இடுக்குகளில் சேறு அடைத்தால் அடுத்த பயணத்தில் இயந்திரம் சூடேறும். ரேடியேட்டரை இயந்திரப் பக்கத்திலிருந்து வெளிநோக்கி, மென்மையான நீர்வீச்சால் கழுவ வேண்டும். அடிச்சட்டத்தின் உட்குழியில் தங்கும் ஈரமண் கண்ணுக்குத் தெரியாது துருவேற்றும். சட்டத்திலுள்ள வடிதுளைகளைக் கம்பியால் குத்தித் திறக்க வேண்டும்.

அச்சுக்கூடும் எண்ணெயும்

ஓட்டத்தால் சூடேறிய அச்சுக்கூடு குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளேயுள்ள காற்று சுருங்கும். மூச்சுத்துளை அடைபட்டிருந்தால், தேய்ந்த ஆயில் சீல்களின் வழியே நீர் உள்ளே உறிஞ்சப்படும். மறுநாள் அடைப்பானைச் சற்றே தளர்த்திப் பார்த்தால், முதலில் நீர் சொட்டுவதையோ எண்ணெய் மோர் போல் வெளுத்திருப்பதையோ காணலாம். அவ்வெண்ணெயை முழுவதும் வடித்து மாற்ற வேண்டும். மாற்றாவிடில் பட்டறையில் கிரௌன், பினியன் எனப்படும் பற்சக்கர இணை துருவேறி, சில மாதங்களில் முனகத் தொடங்கும். எண்ணெய் மாற்றும் செலவு சிறிது. கிரௌன்-பினியன் இணை மாற்றும் செலவு பல மடங்கு. கியர் பெட்டிக்கும் பகிர்வுப் பெட்டிக்கும் இதே சோதனை தேவை.

முன் அச்சின் முனைகள்

முன்சக்கரங்கள் திரும்புவதற்காக அச்சின் முனையில் கோள வடிவக் கூடு உண்டு. அதன்மேல் உராயும் சீலுக்கும் கோளத்துக்கும் இடையே மணல் புகுந்தால் கோளப்பரப்பு கீறப்படும். பின்னர் புதிய சீல் போட்டாலும் கிரீஸ் கசியும். ஆகவே ஒவ்வொரு சேற்றோட்டத்துக்குப் பின்னும் அப்பரப்பைத் துணியால் துடைக்க வேண்டும்.

கிரீஸ் இடுதல்

பழைய ஜீப்புகளின் கிராஸ் மூட்டுகள், வில்பட்டைகளின் இணைப்புகள், ஸ்டியரிங் முனைகள் ஆகியவற்றில் கிரீஸ் நிப்பிள்கள் உண்டு. சேற்றோட்டத்துக்குப் பின் கிரீஸ் துப்பாக்கியால், பழைய கிரீஸும் நீரும் வெளியேறிப் புதிய கிரீஸ் எட்டிப்பார்க்கும் வரை அழுத்த வேண்டும். மூட்டுக்குள் புகுந்த நீரை வெளியேற்றுவதற்கும் இதுவே எளிய வழியாகும். வில்பட்டையை அச்சுடன் பிணைக்கும் யூ-போல்ட்டுகளை மீண்டும் முடுக்குவதும் தேவை.

பிரேக்கு

டிரம்முக்குள் புகுந்த சேறு லைனிங்கைத் தேய்க்கும் அரத்தூள் போலச் செயல்படும். நீரிலிருந்து வெளிவந்தவுடன் மெதுவாக ஓட்டியவாறே பிரேக்கை இலேசாக அழுத்தி வந்தால் வெப்பத்தால் ஈரம் உலரும். அதன்பின் டிரம்களைக் கழற்றிச் சுத்தம் செய்து, சக்கர உருளைகளில் கசிவு உண்டா எனப் பார்க்க வேண்டும். சக்கர பேரிங்குகளில் நீர் புகுந்திருந்தால் பழைய கிரீஸை முழுதும் கழுவிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும்.

இயந்திரம்

பெட்ரோல் இயந்திரத்தில் டிஸ்டிரிபியூட்டர் மூடியின் உள்ளே ஈரம் படிந்தால் தீப்பொறி சிதறி வண்டி நின்றுவிடும். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகும். டீசல் இயந்திரத்தில் தீப்பொறி அமைப்பு இல்லாததால் இத்தொல்லை இல்லை. ஆனால் காற்று நுழையும் வழியே நீர் உள்ளே சென்றால் இரண்டு வகைக்கும் பேரிடரே. நீர் அமுங்காது, உந்துதண்டு அதனை அழுத்த முயலும்போது இணைப்புத்தண்டு வளையும். ஆழநீரில் இயந்திரம் தானே நின்றால் மீண்டும் கிளப்ப முயலக் கூடாது. பெட்ரோல் வண்டியில் தீப்பொறிச் செருகிகளையும், டீசல் வண்டியில் எரிபொருள் இன்செக்டர்களையும் கழற்றி, இயந்திரத்தைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றிய பின்னரே கிளப்ப வேண்டும். எண்ணெய்த் தொட்டி கொண்ட பழைய காற்று வடிகட்டியில் நீர் கலந்திருந்தால் அவ்வெண்ணெயையும் மாற்ற வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

* ஸ்டியரிங்கைச் சிறிது திருப்பியும் சக்கரம் திரும்பாமை: முன்சட்டத்தின் நடுவிலுள்ள பெல் கிராங்கு அல்லது ஸ்டியரிங் முனைகளின் தேய்மானம்.
* கிளம்பும்போது டக் என்னும் ஒலி: கிராஸ் மூட்டுத் தேய்மானம் அல்லது யூ-போல்ட்டு தளர்வு.
* வேகத்துக்கேற்ப மாறும் முனகல்: கிரௌன்-பினியன் அல்லது பேரிங் தேய்மானம்.
* பிரேக்கு அழுத்தும்போது ஒருபுறம் இழுத்தல்: டிரம்மில் சேறு, எண்ணெய்க் கசிவு அல்லது இறுகிய சக்கர உருளை.
* தாழ்விகிதத்தில் நெம்புகோல் தானே விடுபடுதல்: பகிர்வுப் பெட்டியின் பற்சக்கரத் தேய்மானம் அல்லது பிடிவில்லின் தளர்ச்சி.

பழுதுபார்க்கும் மரபு

மதுரையின் மோட்டார்த் தொழிலுக்கு நீண்ட வரலாறு உண்டு. டி. வி. சுந்தரம் அய்யங்கார் 1911ல் இங்குத் தொடங்கிய நிறுவனமே பின்னாளில் டி.வி.எஸ். குழுமமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, கரியிலிருந்து எரிவாயு உண்டாக்கி வண்டியை ஓட்டும் கலன்களை அந்நிறுவனம் உருவாக்கியது.

பழைய ஜீப்பு இன்றும் ஓடுவதற்கு அதன் வடிவமைப்பே முதற்காரணம். தனி அடிச்சட்டம், தட்டையான தகரங்கள், வில்பட்டைகள், கணினிக் கட்டுப்பாடற்ற இயந்திரம் ஆகியவற்றால் ஆன இவ்வண்டியைச் சிற்றூர்ப் பட்டறையிலும் முழுமையாகப் பிரித்துப் பூட்டலாம். லேத் பட்டறையில் புஷ் கடைந்து தருவர். கொல்லுப்பட்டறையில் வில்பட்டையை மறுபடி வளைத்துத் தருவர். டிங்கர் வேலை செய்வோர் துருப்பிடித்த தளத்தகரத்தை வெட்டிப் புதிதாகப் பற்றவைப்பர். ஒரே அடிப்படை வடிவம் பல பத்தாண்டுகள் தொடர்ந்ததால், ஓர் ஆண்டு வண்டியின் உதிரி பல நேரங்களில் வேறோர் ஆண்டு வண்டிக்கும் பொருந்தும்.

பழைய வண்டி வாங்குவோர், மகிந்திரா ஜீப்புகள் அனைத்தும் நான்கு சக்கர இயக்கம் கொண்டவை அல்ல என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். பின்சக்கர இயக்கம் மட்டும் உள்ளவை பல விற்பனையாகியுள்ளன. முன் அச்சின் நடுவே பல்லிணைக்கூடு இருப்பதும், பகிர்வுப் பெட்டிக்கான நெம்புகோல் இருப்பதும் அடையாளங்கள். வண்டியைத் தூக்கி, தாழ்விகிதம் உண்மையில் இணைகிறதா எனவும் சோதிக்க வேண்டும்.

சட்டமும் இன்றைய நிலையும்

இந்தியாவில் தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனையில் தேறி ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் 1 முதல் கார், ஜீப்பு வகை வண்டிகளுக்கான மறுபதிவுக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிக்க இயலாது என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. அத்தகைய வண்டிகள் உடைப்பு நிலையங்களுக்கே அனுப்பப்பட வேண்டும். இதனால் அலுவலக ஜீப்பு ஏலத்தில் உழவரிடம் சென்று சேரும் பழைய வழி அடைபட்டது.

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கும் வரம்பு உண்டு. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் தீர்ப்பளித்தது. எனவே இயந்திரத்தை மாற்றுவதற்குமுன் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெற வேண்டும். அளவுக்கு மீறிய டயர்களைப் பொருத்திச் சாலையில் ஓட்டுவது குற்றமாகக் கருதப்படலாம்.

காட்டுப்பாதைகளில் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. கண்மாயின் கரை ஊரின் பாசனத்துக்குக் காப்பாகும். மழைக்காலத்தில் ஈரக்கரையின்மேல் வண்டி ஏறினால் தடப்பள்ளம் ஏற்பட்டு, அவ்வழியே நீர் அரித்து உடைப்பெடுக்க வாய்ப்புண்டு. நனைந்த கரையின்மேல் வண்டி ஓட்டுவதைத் தவிர்ப்பது அவ்வூர் வயல்களைக் காப்பதாகும்.

மகிந்திரா நிறுவனம் பழைய ஜீப்பின் சாயலில் தார் என்னும் வண்டியை 2010ல் அறிமுகப்படுத்தியது; அதன் இரண்டாம் தலைமுறை 2020 அக்டோபர் 2 அன்று வெளிவந்தது. புதிய வண்டிகளில் வழுக்கும் சக்கரத்தை மின்னணு முறையில் தானாகவே பிரேக்கிடும் ஏற்பாடு உண்டு. பழைய ஜீப்பில் ஓட்டுநரின் பாதம் செய்த வேலையை இங்கே உணரிகள் செய்கின்றன. ஆயினும் அச்சுக்கூட்டில் நீர் புகுவதும், டிரம்மில் சேறு தங்குவதும், சட்டத்தின் உட்புறம் துருவேறுவதும் எல்லா வண்டிகளுக்கும் பொது. ஓட்டிய மறுநாள் செய்ய வேண்டிய கழுவுதல், எண்ணெய்ச் சோதனை, கிரீஸ் இடுதல் ஆகிய மூன்றும் புதிய வண்டிக்கும் தேவையானவையே.